பாதி விலை பிராசசர்!

செல்போன் அலறியது!

அப்போதுதான் கண்ணை மூடிய முருகானந்தம் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

திரையில் ரஞ்சிதாவின் பெயர்.

எடுக்காமல் இருக்க முடியாது. ஒரு மாதமாக அவளுக்கு அண்ணன், ஆறுதல் எல்லாம் அவன்தான். அவள் புருஷன் மோகன்குமார், திருச்செங்கோட்டு ஸ்டுடியோவின் மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்த நாளிலிருந்து!

தள்ளிவிட்டவன் முருகானந்தம்தான்.

கூட்டுத் தொழில் இனிமேல் சரிப்படாது என்றான் மோகன். வார்த்தை முற்றியது... ஒரே ஒரு தள்ளு! அப்புறம் திருட்டு மாதிரி ஜோடிக்க, எடிட்டிங் கம்ப்யூட்டரைப் பிரித்து உள்ளே இருந்த பிராசசர், கார்டு எல்லாவற்றையும் உருவினான். பள்ளிபாளையம் பாலத்தில் நின்று காவிரியில் வீசினான்.

போலீஸ் இன்னும் அந்தத் திருடனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

கொலைகூடப் பெரிய வேலையில்லை. அதற்கப்புறம் தினமும் துக்க முகத்தை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறானே... அதுதான் ஆளையே உருக்கிவிட்டது. தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை.

"சொல்லு அம்மிணி..."

"அண்ணா, செவ்வாய்ப்பேட்டைல ஒரு கடையில பிராசசர் பாதி வெலைக்குப் போட்டிருக்காங்களாமுங்க! நம்ம பழைய மதர்போர்டுக்குச் சேருமாமுங்க. கல்யாண ஆல்பமெல்லாம் அப்படியே நிக்குதுங்ணா. வாங்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் வந்து பாத்துச் சொல்லோணும்."

"பாதி வெலைன்னாலே ஏதோ கோளாறு இருக்கும் அம்மிணி."

"அதுக்குத்தானுங்க கூப்புடறேன்."

பெருமூச்சு விட்டான். சட்டையை மாட்டினான்.

* * *

மொத்த மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் கடை. படியேறுவதற்குள் நாலைந்து தும்மல்!

ரஞ்சிதா முன்னமே வந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மூலையில் ஒரு தடித்த ஆசாமி, கீபோர்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தங்கமுத்து, ஒரு போர்டை மேஜைமேல் வைத்தார். அதன்மேல் பிராசசர். பிராசசர்மேல் ஃபேன்.

"ஏனுங்க, எதுக்குப் பாதி வெலைக்குத் தள்றீங்க?" என்றான் முருகானந்தம்.

"பொய் சொல்ல மாட்டனுங்க. சூடாகுது! வாங்குனவரு திருப்பிக் குடுத்துட்டாரு. வாரண்டியும் கம்மிதான்."

"வேண்டாம் அம்மிணி. கூடக் கொஞ்சம் போட்டாப் புதுசே வாங்கிப்புடலாம்."

"புதுசுன்னா போர்டையும் சேத்து மாத்தோணும்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க?"

சொன்னதுதான். அவனுக்கு வாதாடத் தெம்பில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"சரி... எதனால சூடாகுதுன்னு பாத்தரலாம். ஃபேனைக் கழட்டுங்க."

தங்கமுத்து கழற்றினார். சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பசையைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

அடியில்...

மஞ்சளாகச் சந்தனம்! நடுவில் சிவப்பாகக் குங்குமம்!

முருகானந்தம் குனிந்து பார்த்தான்.

அன்றைக்கு ஸ்டுடியோவில் உருவியபோது இதே பொட்டு! இதே இடம்! கையில் ஒட்டியதைப் பேன்ட்டில் துடைத்தது வரைக்கும் ஞாபகம் வந்தது.

"அண்ணா..." ரஞ்சிதாவின் குரல் நடுங்கியது. "இது என்ற கையால வெச்ச பொட்டுங்க! புது மிசினு, பொட்டு வெக்காம எப்படிப் பூட்டறதுன்னு நான்தான் வெச்சேன். அதும்மேல ஃபேன் உக்காரும்னு எனக்குத் தெரியலீங்க. என்ற மனசு நோகக்கூடாதுன்னு அவரும் சிரிச்சுக்கிட்டே அப்படியே பூட்டிட்டாரு. வேற ஒருத்தருக்கும் தெரியாதுங்ணா... இது அவரோடது!"

மூலையில் கீபோர்டுச் சத்தம் நின்றது.

"யோவ்!" தடித்த ஆசாமி எழுந்து வந்தார். "இதை யாருய்யா உன்கிட்ட வித்தது?"

தங்கமுத்து தயங்கினார். கை மெதுவாக உயர்ந்தது... முருகானந்தத்தின் மூக்குக்கு நேரே நின்றது.

"இவருதானுங்க!"

"என்னது?"

"ஆமாங்க! போன வாரம் நீங்கதானுங்க கொண்டாந்து வித்தீங்க!"

"யோவ், பொய் சொல்லாத! உன்ற மொகத்தையே நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க. இதே சட்டை!"

"அடப்பாவி!" முருகானந்தத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. செய்ததைச் சொன்னால்கூடப் பொறுத்திருப்பான். செய்யாததைச் சொன்னால்?

"நான் எங்கய்யா வித்தேன்? அதைப் பாலத்துல நின்னு ஆத்துலதான வீசுனேன்!"



சொன்ன வார்த்தை அவன் காதிலேயே போய் விழுந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

தடித்த ஆசாமி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இன்ஸ்பெக்டர் காளியண்ணன். எந்தப் பாலம்னும் சொல்லிட்டீன்னா எங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

"அப்ப... இது...?"

"இது அதில்லீங்க." ரஞ்சிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். 'அண்ணா' காணாமல் போயிருந்தது. "காலைல இந்தக் கடையில உக்காந்து நான் வெச்ச பொட்டு. திருட வந்தவன், நம்ம கம்ப்யூட்டர்ல கழட்டுன ஸ்க்ரூவையெல்லாம் திருப்பி அதே ஓட்டையில முறுக்கி வெச்சுட்டா போவான்? வேலை முடிஞ்சா ஒரு ஸ்க்ரூ வெளிய கெடக்கக்கூடாதுன்னு கத்தறது நம்ம ஸ்டுடியோவுல நீங்க ஒருத்தருதானுங்க! அதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வெறும் அசதிதான் வந்தது. இனி துக்க முகம் வேண்டியதில்லை. லாக்கப்பில் பாய் கொடுப்பார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

காளியண்ணன் தோளில் கை வைத்தார். "நட."

பாதிப் படி இறங்கியபோது மேலே தங்கமுத்துவின் குரல் கேட்டது.

"அம்மா... இந்தப் பிராசசர் வேணுமுங்களா? எடுத்து உள்ள வெச்சரட்டுங்களா?"

"வேணுமுங்க." ரஞ்சிதாவின் சோர்ந்த குரல். "ஆனா இன்னும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க... கொலகாரனைப் புடிக்க ஒருக்கா யூஸ் பண்ணியாச்சுல்லீங்களா!"