கிழவன் அவிழ்த்த முடிச்சு

"மேடம், என் குதிரையைக் காணோம்! பதினோரு மணிக்கு வன அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள கிடைக்கலைன்னா என் பொழைப்பே போச்சு!"

ஜீப்பிலிருந்து இறங்கக்கூட இல்லை அந்த முகாம்காரம்மா. இன்ஸ்பெக்டர் அம்மாவின் வீட்டு வாசலில் வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

இன்ஸ்பெக்டர் அம்மா போலீஸ் குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பூமியே பிளந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருடைய மருமகனுக்கோ பொறுமை என்பது கிலோ என்ன விலை. தொழில் செருப்புக்கடை, ஆசையெல்லாம் துப்பறிவதில். பூதக்கண்ணாடியோடு அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, சீக்கிரம் வாங்க! தடயம் காஞ்சிடும்!"

"காயட்டும் மாப்பிள்ளை. முதல்ல ரெண்டு கால்லயும் ஒரே ஜோடியைப் போட்டுட்டு வாங்க."

போகும் வழியில் முகாம்காரம்மா கொட்டித் தீர்த்தார். விருந்தாளிகளைக் குதிரையில் காட்டுக்குள் அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்கவைப்பது அவர் தொழில். காட்டில் குதிரையைத் தவறவிடும் முகாமுக்கு அடுத்த பருவத்தில் அனுமதி கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு முகாம்காரன் அந்த அனுமதிக்காகவே கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கிறான்.

"எல்லாம் என் தம்பியால வந்த வினை மேடம். தொட்டது எதுவும் துலங்கல, சரி, குதிரையோடயாவது இருக்கட்டும்னு வெச்சேன். ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காப் போடத் தெரியல. பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புடான்னு சொல்லிட்டேன்."

முகாமில் இரண்டு மரங்களுக்கு நடுவே தடித்த கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதில் குதிரைகள் வரிசையாக நின்றன. சிவப்பி என்ற பெட்டைக் குதிரையின் இடம் மட்டும் காலி. அறுந்த கயிற்றுத் துண்டுகூடத் தொங்கவில்லை. தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அழுதிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் சரியாத்தான் கட்டினேன் மேடம். சிவப்பி தனியா எங்கயும் போகாது. அந்தா நிக்கிறானே கிழவன்னு வயசான குதிரை, அவன் முன்னால போனாத்தான் அது பின்னால நடக்கும். அவனை விட்டுப் பிரிச்சா காடே அதிர்ற மாதிரி கத்தும். ராத்திரி ஒரு சத்தமும் கேக்கல."

"கிழவனும் அது மேல உயிரா இருப்பானோ?"

"அவனுக்குப் பாசமெல்லாம் தீவனப் பையோட சரி."

அதற்குள் மருமகன் தரையில் மண்டியிட்டு அலறினார். "அத்தை! ஒன்பதாம் நம்பர் செருப்பு! வலது குதிகால் தேஞ்சிருக்கு!"

"அது உங்களோடது மாப்பிள்ளை."

இன்ஸ்பெக்டர் அம்மா கிழவனின் முதுகைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் வெள்ளையாக உப்பு ஒட்டியது. "நேத்து இவனைத் தேய்ச்சு விட்டியா?"

"சாயங்காலம் பளபளன்னு தேய்ச்சுத்தான் கட்டினேன்."

விருந்தாளிகள் இருவரும் சமையல் கூடாரத்தின் அருகே நின்றிருந்தார்கள். வக்கீல், தான் அடக்கிய முரட்டுக் குதிரைகளைப் பற்றிச் சமையல்காரரிடம் அளந்துகொண்டிருந்தார். புகைப்படக்காரர் மெல்லச் சிரித்தார். "எனக்குக் குதிரைன்னாலே உதறல் மேடம். தூர நின்னு படம் எடுக்கறதோட சரி."

அந்த நேரம் பார்த்துக் கிழவன் தன் வேலையைக் காட்டினான். கயிற்றின் நுனியைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு! முடிச்சு அவிழ்ந்தது. நேராகச் சமையல் கூடாரத்துக்குள் தலையை நுழைத்தான். சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். வக்கீல் மேசைமேல் ஏறிவிட்டார். புகைப்படக்காரர் கிழவனின் பின்புறத்தில் கையை வைத்து, ஒட்டியபடியே நழுவி மறுபக்கம் போனார்.

"பாத்தீங்களா! இதையும் ஒழுங்காக் கட்டல!" என்று முகாம்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது நான் போட்ட முடிச்சு இல்லக்கா," என்றான் தம்பி.

"அவன் சொல்றது நிஜம்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "எல்லாரும் இங்க வாங்க."

மணி பத்தரை. அவர் அவசரப்படவில்லை. கூடியிருந்தவர்கள்தான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குதிரையை எப்பவும் ஒரே இழுப்புல அவிழற முடிச்சாப் போட்டுத்தான் கட்டுவாங்க. மத்த குதிரைங்க முடிச்சைப் பாருங்க. எல்லாத்துலயும் கயிறோட நுனி சுருக்குக்குள்ள நுழைஞ்சிருக்கு. ஏன் தம்பி?"

"கிழவன் நுனியை இழுத்து அவுத்துடுவான் மேடம். அதனால பூட்டிடுவேன். பழகிப்போய் எல்லாத்துக்கும் அப்படியே போடுறேன்."

"கிழவனோட முடிச்சு மட்டும் பூட்டல. ராத்திரியே அப்படி இருந்திருந்தா விடியறதுக்குள்ள தீவனப் பை காலியாகியிருக்கும். அப்போ விடியக்காலையில யாரோ மறுபடி கட்டியிருக்காங்க. முதுகுல காஞ்ச வேர்வை வேற. கிழவன் மேல ஏறிப் போய், பின்னாலயே வந்த சிவப்பியை எங்கயோ கட்டிட்டு, இவனைத் திரும்பக் கொண்டுவந்திருக்காங்க. கட்டினவருக்குக் குதிரை தெரியும். இந்தக் குதிரையைத்தான் தெரியாது!"

"வக்கீல்!" என்று மருமகன் துள்ளினார்.

"அவர் இன்னும் மேசையை விட்டு இறங்கல மாப்பிள்ளை." இன்ஸ்பெக்டர் அம்மா புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். "குதிரைக்குப் பயந்தவங்க பின்னால தள்ளிச் சுத்திப் போவாங்க. நீங்க கையை வெச்சு ஒட்டிப் போனீங்க. ஒட்டி நின்னா ஓங்கி உதைக்க அதுக்கு இடமில்ல. எங்க படையில முதல் பாடமே அதுதான். பயத்தை நடிச்சுடலாம், பழக்கத்தை மறைக்க முடியாது. அக்கரை முகாம்ல உங்களுக்கு என்ன வேலை?"

அவர் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சொல்லாட்டியும் பரவால்ல. கிழவன் திரும்பினதும் சிவப்பி கத்தியிருக்கும். அது யாருக்கும் கேக்காத இடம், இந்தக் காட்டுல இரைச்சல் போடற அருவி ஒண்ணுதான். சிறுத்தை தண்ணி குடிக்க வர்ற இடத்துல கட்டிப்போட்ட குதிரை..."

"ஐயோ, பாறை இடுக்குல பத்திரமாத்தான் இருக்கு! புல்லெல்லாம் போட்டுட்டுத்தான் வந்தேன்!" என்று கத்தியேவிட்டார் புகைப்படக்காரர். "இன்னிக்கு மத்தியானமே அவுத்து விட்டிருப்பேன். அனுமதி கைமாறட்டும்னுதான் முதலாளி சொன்னாரு."

தம்பி பையை உதறிவிட்டுக் கிழவன் மேல் தாவினான். சேணம்கூட இல்லை. மரங்களுக்கிடையே குளம்பொலி கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

சொல்லிவைத்தாற்போல் பதினோரு மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. அவர் கயிற்று வரிசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கேள்வி எழுவதற்குள் மருமகன் அதிகாரியின் பூட்ஸைப் புகழ ஆரம்பித்தார். அவர் வாழ்நாளில் செய்த உருப்படியான துப்பறியும் வேலை அதுதான்.

அப்போது கேட்டது கனைப்பு. புதரைப் பிளந்துகொண்டு கிழவன் வந்தான். அவன் வாலை முகர்ந்தபடி சிவப்பி! முகாம்காரம்மா ஓடிப்போய்க் குதிரையைத் தொடாமல் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டார். "உன்ன நம்பலையேடா. தப்புதான்டா."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த முகாமுக்கு யாருங்க பொறுப்பு?"

முகாம்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னையிலேர்ந்து என் தம்பி சார். எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே கேளுங்க."