முற்றத்தில் ஒரு நாற்காலி

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். ஆனாலும் தினிதி இன்னும் தனியாகத்தான் இருந்தாள்.

அம்மாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைத்திருந்தார்கள். தூக்கத்தில் கால் பின்னிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு பெரிய தலையணை. கட்டிலில் அந்தத் தலையணைக்குத்தான் ராஜ மரியாதை, தினிதிக்கு இடமில்லை. அவள் பெரியம்மாவோடு படுத்தாள். பெரியம்மாவின் குறட்டை கண்டி ரயிலுக்கே கேட்கும். அப்பா கொரியாவில் வேலை பார்த்தார். போனில் மட்டும் வந்து போவார்.

"அம்மா, உன் பக்கத்துல படுக்கட்டுமா?"

"இப்ப வேணாம் கண்ணு. கொஞ்ச நாள் போகட்டும்."

எதைக் கேட்டாலும் கொஞ்ச நாள் போக வேண்டியிருந்தது.

அம்மா சீக்கிரம் குணமாக வேண்டும் என்று பெரியம்மா புத்த பிக்குமாரை வீட்டுக்கு அழைத்து, ஓதச் சொல்லி, உணவு தானம் கொடுக்க ஏற்பாடு செய்தாள். அன்று காலை வராந்தாவில் பிக்குமாருக்காகத் தரையில் மெத்தைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். எதிரே சொந்தக்காரர்களுக்குப் பாய். அம்மா தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ உட்காரவே கூடாது, குனியவும் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் பெரியப்பா ஒரு நாற்காலியின் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்திக் கொண்டுவந்து போட்டார்.

"பாரு, சிம்மாசனம்!" என்றார் பெருமையாக.

பெரியம்மா தலையில் கை வைத்தாள்.

"ஐயையோ! சாமிமார் தரையில இருக்க, இவ மட்டும் மேலயா? அவங்களவிட உயரத்துல உக்காரலாமா?"

பெரியப்பா கட்டைகளை உருவக் குனிந்தார்.

"கட்டையை எடுக்காதீங்க பெரியப்பா! அம்மா இடுப்பு என்ன ஆகும்?" என்று கத்தினாள் தினிதி.

"விடுங்க அக்கா, நான் உள்ளயே படுத்துக்கறேன். ஓதற சத்தம் கேட்டாப் போதும்" என்றாள் அம்மா.

வாக்கரை ஊன்றி ஊன்றி அறைக்குப் போனாள். தானமே அவளுக்காகத்தான். அவளோ கதவுக்குப் பின்னால். தினிதியும் கூடவே போனாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான், நானும் சுவரும்" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

"பேச்சுத் துணைக்கு யாருமில்லையாம்மா?"

"ஒரு பல்லி இருந்துச்சு. அதுவும் ரெண்டு நாள்ல போயிடுச்சு."

சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினிதி வெளியே வந்து வராந்தா விளிம்பில் உட்கார்ந்தாள்.

மலைச் சரிவில் கட்டிய வீடு அது. முற்றம் நன்றாகக் கீழே இருந்தது. பிக்குமார் கால் கழுவுவதற்காகப் பெரியப்பா முற்றத்தில் நின்றபடி தண்ணீர்க் குடத்தை வராந்தாவில் ஏற்றி வைத்தார். வராந்தாத் தரை அவர் மார்புக்கு வந்தது.

தினிதி துள்ளி எழுந்தாள்.

"பெரியப்பா! நீங்க நின்னாலே இவ்வளவுதான். அம்மா முற்றத்துல உக்காந்தா சாமிமாரவிடக் கீழதானே இருப்பாங்க?"

பெரியப்பா வராந்தாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "அட, எங்க மண்டைக்கு இது எட்டலையே!"

படியே இல்லாத பின்வாசல் வழியாக, சாய்வான பாதையில் சுற்றி அம்மாவை மெதுவாக நடத்தி வந்தார்கள். பலாமர நிழலில், கட்டை வைத்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். தினிதி அவள் பக்கத்தில் பாயை விரித்தாள்.

பிக்குமார் வந்து அமர்ந்தார்கள். பிரித் என்னும் காப்பு மந்திரம் ஓதும்போது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் வெள்ளை நூல், முற்றம் வரை இறங்கி வந்தது. தினிதி அதன் நுனியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் மட்டும் அங்கயா?" என்று பெரியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னால் பெரியப்பா. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும்.

பெரிய பிக்கு காலியான பாய்களைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"என்ன சுவர்ணா, எல்லாரும் உன்கிட்ட வந்துட்டாங்க. இப்ப நாங்கதான் தனி!"

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு தினிதியிடம் குனியாமல் கேட்டாள்:

"சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"அத மட்டும் சொல்லல. நல்லாச் சிரிம்மா!"