பென்சில் டப்பாவில் ஒரு பிளேட்

"ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க டாக்டர். மூணாவது தடவைக்கு முன்னாடி, திருப்பி அனுப்பறது யாருன்னு பாத்துடலாம்னு வந்தேன்."

மழையில் நனைந்த சட்டை, நக இடுக்கில் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு... பல் செட்டும் கம்பியும் செய்து தரும் லேப்காரன். இரண்டு வருடமாக அவன் கையெழுத்து மட்டும்தான் பல் டாக்டரான அவளுக்குப் பழக்கம்.

"பல் பிளேட் வாயில சரியா உட்காரலை. நான் என்ன செய்ய?"

நாற்காலியில் எட்டு வயதுச் சிறுமி. ஒரு பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்து கடித்தன. மேல்தாடையை அகலப்படுத்த, நடுவில் திருகு வைத்த பிளேட், கழற்றி மாட்டலாம். பல்லோடு ஒட்டுகிற கம்பி குழந்தைக்குக் கஷ்டம் என்று சீனியரிடம் மல்லுக்கட்டியவள் அவள்தான்.

அவன் பிளேட்டை விளக்கில் பிடித்தான்.

"நான் போட்ட பாலிஷ் அப்படியே மின்னுது. ஒரு மாசம் வாயில இருந்தா மங்கியிருக்கணுமே... பாப்பா, இது பகல்ல எங்க இருக்கும்?"

"பென்சில் டப்பால..."

"அடிப்பாவி! நான் வாராவாரம் திருகைத் திருப்பறேனேடி!" என்றாள் அம்மா.

பிளேட் அகன்றிருந்தது, தாடை அகலவில்லை; அதனால்தான் உட்காரவில்லை. டாக்டருக்குக் காது சுட்டது.

"கம்பியே போட்டுடுங்க. ஒட்டிட்டா டப்பாவுக்குப் போகாது," என்றவன் தயங்கினான். "ஆனா... அது ஒரு தடவை செஞ்சா போதும். அப்புறம் நான் இங்க வர்றதுக்கு வேலை இருக்காது."

ஏன் அப்படிப் பார்த்தான்? மழை அந்தக் கண்களுக்குள்ளும் பெய்துகொண்டிருந்ததோ...

கம்பி செய்யச் சொல்லி லேபுக்குச் சீட்டு எழுதினாள், கிழித்தாள். மறுநாளும் கிழித்தாள். தோற்றுப்போன ரோஷம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அதில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் நாள், குழந்தையின் கோணல் கடியை நினைத்து அனுப்பிவிட்டாள்.

கம்பியை லேப் பையன் கொண்டுவந்தான். செய்தவன் வரவில்லை.

ஒட்டினாள். அச்சாக உட்கார்ந்தது. கை கழுவினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி கை கழுவினாள்... பிறகு குடையை மறந்துவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த லேபுக்கு நடந்தாள்.

அரவை மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தான் அவன். "என்ன டாக்டர்... சரியில்லையா?"

"ரொம்பச் சரியா இருக்கு. திருப்பி அனுப்ப ஒரு குறையும் இல்ல." மூச்சு வாங்கியது. "அதான்... நானே வந்துட்டேன்."

அவன் மாவுக் கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு சின்னக் குறை வெச்சே செஞ்சுடலாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க திருப்பி அனுப்புவீங்களேன்னு... குழந்தை வாயாச்சே. மனசு வரலை."