பெட்டிக்குள் வேறு பல்லி

பெட்டியில் இருந்தது நேற்றுப் பார்த்த பல்லி இல்லை.

அவள் மேசை அருகே அசையாமல் நின்றாள். வீட்டில் எல்லோரும் அவளை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரை டப்பாவில் ஒரு கரண்டி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய அத்தைக்கு மலைக்காடுகளில் பல்லி, ஓணான், பாம்புகளைத் தேடி ஆராய்வதுதான் வேலை. நேற்று சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியோடு வீடு திரும்பினார்.

"இந்தப் பல்லிக்கு உலகத்துல இன்னும் பேரே கிடையாது. நாமதான் வைக்கணும்" என்றார்.

மரப்பட்டைமேல் உட்கார்ந்திருந்தது அது. கரும்பழுப்பு உடம்பு, குறுக்கே மஞ்சள் கோடுகள். பின்னங்காலில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

அத்தை சுவரில் ஒரு படத்தையும் ஒட்டினார். வெண்பாறைமேல் வெளிறிப்போன ஒரு பல்லி. கோடே இல்லை.

"இதை மலை உச்சியில பார்த்தேன். பிடிக்கிறதுக்குள்ள தப்பிச்சிருச்சு. இதுவும் கிடைச்சா ரெண்டு புது இனம்!"

அதைத் தேடி விடியும்போதே மலையேறிவிட்டார். போகும்போது சொன்னது ஒன்றுதான்: "பெட்டியை யாரும் தொடக்கூடாது."

இப்போது பெட்டியில் மரப்பட்டையைக் காணோம். ஈரமான வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு பல்லி.

தங்கை ஓடிவந்தாள். அவளுக்கு வாலு என்று பெயர். பெயருக்கேற்ற பிள்ளை.

"அக்கா! ஜீப் மாமா இந்த ரூமுல இருந்து ஒரு பையோட போனாரு. இப்படியும் அப்படியும் பார்த்துட்டுப் போனாரு!"

ஜீப் மாமா அத்தையின் ஓட்டுநர். புதுப் பல்லியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பல்லியை வைத்துவிட்டாரா?

"அத்தைக்கு போன் போடுவோம். மாமாவை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்றாள் வாலு.

சி.ஐ.டி. தலையாட்டி மறுத்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டால் ஓட்டமாய் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறவர் மாமா.

"கொஞ்சம் பொறு. கண்ணால பார்த்துட்டுச் சொல்லலாம்."

வாசலில் ஜீப்பின் முன்மூடிக்குள் தலையை விட்டிருந்தார் மாமா. அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நான் அந்த ரூம் பக்கமே போகலையே!"

யாரும் அவரிடம் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

அவள் அவரையே பார்த்தாள். மாமா எண்ணெய்க் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி தாயே, இப்படிப் பார்க்காதே!" என்று சீட்டுக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். உள்ளே மரப்பட்டை. அதன்மேல் சாரை சாரையாகச் செவ்வெறும்பு.

"பட்டைக்குள்ள எறும்புப் புத்து இருந்திருக்கு. பாவம், பல்லியைக் கடிச்சுப் பிடுங்குது. என்ன பண்ணச் சொல்றே? பட்டையை எடுத்துட்டுத் துணியை விரிச்சேன். தொடாதேன்னு உங்க அத்தை சொன்னாங்களா... பயந்துட்டேன்."

"ஆனா உள்ள இருக்கறது வேற பல்லி, மாமா."

"அதே பல்லிதாம்மா! சத்தியமா!"

அவர் பேச்சை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அவள் உள்ளே போய், கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். பின்னங்கால். ஒன்று, இரண்டு, மூன்று... நான்காவது விரல் பாதிதான்!

அப்படியானால் கோடெல்லாம் எங்கே போயிற்று?

அவளுக்கு ஒன்று தோன்றியது. மாமாவைப் பட்டையை நன்றாகத் தட்டிக் கழுவச் சொன்னாள். ஓர் எறும்புகூட இல்லை என்று பார்த்த பிறகு, துணியை எடுத்துவிட்டுப் பட்டையை உள்ளே வைத்தாள். மூவரும் காத்திருந்தார்கள். வாலுகூடப் பேசவில்லை, அதுவே பெரிய அதிசயம்.

சாம்பல் மெல்ல மெல்லப் பழுப்பானது. முதுகில் மங்கலாக ஒரு மஞ்சள் கோடு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

"அடேங்கப்பா! சட்டை மாத்துது!" என்றாள் வாலு.

சி.ஐ.டி. சிரித்தாள். அடுத்த நொடி, சட்டென்று சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தி சாயும் வேளையில் அத்தை வந்தார். தலையெல்லாம் இலை, காலெல்லாம் அட்டை கடித்த காயம்.

"உச்சி முழுக்க அலசிட்டேன். அது கண்ணுலயே படலை."

"அது இங்கதான் இருக்கு, அத்தை."

வெள்ளைத் துணியையும் பட்டையையும் அவளே மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உருப்பெருக்கியால் படத்தைப் பார்த்தார், பல்லியைப் பார்த்தார், செதில்களை எண்ணினார்.

"நல்லவேளை" என்றார் கடைசியில். "ஒரே இனப் பல்லிக்கு ரெண்டு பேர் வெச்சிருப்பேன். ஊரே சிரிச்சிருக்கும்."

பிறகு அவர் முகம் மாறியது. "ஆமா, பெட்டியைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனே. தொட்டது யாரு?"

கதவோரம் நின்ற ஜீப் மாமா துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மாமா தொட்டதாலதான் அத்தை, எறும்புகிட்ட இருந்து ஒரு பல்லி பிழைச்சது. இன்னொரு பல்லி இல்லவே இல்லைன்னும் தெரிஞ்சுது" என்றாள் சி.ஐ.டி.

அத்தை எறும்புப் பையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கி மாமாவின் கையிலேயே கொடுத்தார்.

"இனிமே இது உங்க பொறுப்பு."

மாமா அதைப் பச்சைப்பிள்ளையைப் போல வாங்கிக்கொண்டார். கைமாறியபோதும் பல்லி, பட்டைமேல் கோடெல்லாம் பளிச்சென்று தெரிய, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது.