மூன்றாம் தட்டு

செடித்துணுக்குகளைப் பாட்டிலில் வளர்க்கும் ஆய்வகத்தின் வளர்ப்பறையில் எந்தப் பாட்டிலும் சூடாக இருக்கக் கூடாது. ஆனால் மூன்றாம் தட்டிலிருந்து அவள் எடுத்த ஸ்ட்ராபெர்ரிப் பாட்டில், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல் கதகதவென்று இருந்தது.

ஏசியின் ஓயாத உறுமலுக்கும், மூக்கைவிட்டுப் போகாத ஸ்பிரிட் வாடைக்கும், குழல்விளக்குகளின் வெளுத்த வெளிச்சத்துக்கும் நடுவில் அவள் மூன்று மாதமாக மென்று விழுங்கிய விஷயம் அந்தத் தட்டில்தான் இருந்தது. செடித்துணுக்கை நறுக்கும்போது கத்தி வழுக்கி, அவளுடைய ஆள்காட்டி விரல்நுனி சீவப்பட்டு, ரத்தத்தோடு பாட்டிலுக்குள் விழுந்துவிட்டது. அசுத்தம் பட்டதைத் திறக்காமலே அவித்துக் கொட்ட வேண்டும் என்பது ஆய்வகத்தின் சட்டம். ஆய்வகத்தை நடத்துபவள் சொந்த அக்கா. பத்துப் பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். பூஞ்சை பிடித்துத் தானே கெட்டுப்போகும் என்று இவள் மூடிவைத்துவிட்டாள்.

கெடவில்லை. மாதம் ஒருமுறை, இதுவரை இருமுறை, ஒன்றை ஐந்தாக வெட்டிப் பிரித்தார்கள்; இப்போது இருபத்தைந்து பாட்டில். வெட்டிய நாட்களில் விரல் தெறித்தது. காயம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். இலைக்காம்புகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு துண்டு. அதன் முனையில் நகம்.

அது மடங்கியது.

"அங்க என்னடி வேடிக்கை? குடு இப்படி." அக்கா பாட்டிலை வாங்கித் திறந்து, கத்தியைத் தீயில் காட்டி, உள்ளே பார்க்காமலே வெட்டினாள்.

அவள் விரலில் வலி எலும்பைப் பிளந்தது.

"வெட்டாதக்கா! அதுல என் விரல் விழுந்துச்சு. ரத்தம் பட்டுச்சு. பயந்து மறைச்சிட்டேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. "இதுக்கா இப்படி நடுங்குற? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா இவ்வளவு நல்லவளா?

"மூணாம் தட்டு மொத்தத்தையும் அவிச்சிடுங்க," என்று வேலைக்காரம்மாவிடம் சொன்னாள் அக்கா.

"ஐயோ, வேணாங்கா! அது என் கை!"

"உன் கை உங்கிட்டதான இருக்கு, லூசு." அக்கா சிரித்து, அவளைத் தோளோடு இறுக்கி அணைத்துக்கொண்டாள். திமிற முடியவில்லை.

இருபத்தைந்து பாட்டில்களும் நீராவி அழுத்தக் கலனுக்குள் போயின. மூடி. திருகு. நீராவியின் சீறல்.

உள்ளே கண்ணாடியை நகங்கள் தட்டின.

அவளுடைய விரல்நுனி சிவந்தது. கொப்பளித்தது. அடுத்த விரல். உள்ளங்கை. அக்கா தலையைத் தடவிக்கொடுத்தபடி அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் இன்னும் பாதிகூட ஏறவில்லை.