இரண்டு விரல் தாழ்வு

பாங்காக்கின் தோன்புரியில் கால்வாயை ஒட்டியிருந்த பிரானோம் அக்காவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. வானம் கறுத்திருந்தது. மழை மட்டும் வரவில்லை. பழைய கார்களைச் சரிபார்த்து, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பது என் தொழில். அன்று மூன்று மணிக்கு ஹுவா ஹின்னிலிருந்து கிரித் என்பவர் வந்து, அக்காவின் ஐம்பத்தெட்டாம் வருடத்து ஜெர்மன் காரை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

இதற்கு முன் காரை வாங்க வந்த மூன்று பேரை அக்கா கடைசி நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறை அப்படிச் செய்ய வழியில்லை. சியாங் மாயில் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். "அந்த வண்டிதான் முக்கியம்னா அங்கேயே இரு, இனிமே கூப்பிட மாட்டேன்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

கொட்டகையைத் திறந்ததும் பழைய தோல் இருக்கையின் வாடையோடு கற்பூரமும் இலவங்கமும் கலந்த மணம் வந்தது. அக்காவின் கணவர் சுமேத் ஓயாமல் மூக்கில் வைத்து உறிஞ்சும் தைலக் குப்பியின் மணம். ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவித் துடைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல்களை வைத்து அளந்தேன்.

"உன் பொண்டாட்டியக்கூட இவ்வளவு அளந்து பாத்திருக்க மாட்டே தம்பி," என்றார் அக்கா.

இடது பக்கம் நான்கு விரல். வலது பக்கம், ஓட்டுநர் பக்கம், இரண்டு.

வழக்கமாக இதற்குக் காரணம் எளிது. ஒரே பக்கம் வருடக்கணக்கில் எடை இருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அசந்துபோகும். மாற்றினால் சரியாகிவிடும். ஸ்பிரிங்கும் ஒரு தராசுதான். மேலே இருக்கும் எடைக்கு ஏற்ப இறங்கும், எடை எழுந்தால் ஏறும். அதற்கு வேறு எதுவும் தெரியாது.

இந்தக் காருக்கு நான் இரண்டு முறை ஸ்பிரிங் மாற்றியிருக்கிறேன்.

"அக்கா, ஓடாத வண்டியில முதல்ல சாகிறது ரப்பர். அப்புறம் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் துளைய அடைச்சிடும். விக்கிறதுக்கு நல்ல நேரம் விலை ஏறும்போது இல்ல. வண்டி இன்னும் உயிரோட இருக்கும்போது."

"வண்டியப் பத்தி மட்டுந்தான் பேசுறியா?"



எங்கள் ஊர் வழக்கப்படி, காரை அனுப்பும் முன் அதற்குள் குடியிருக்கும் தெய்வமான காவல் தாயிடம் விடைபெற வேண்டும். புது உடைமையாளரின் பெயரைச் சொல்லி, அவரோடு போகச் சொல்ல வேண்டும். அக்கா ஸ்டியரிங்கில் மல்லிகை மாலை சுற்றினார். ஊதுவத்தி ஏற்றி, சிவப்பு சோடா பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுப் படையலாகக் காரின் முன்னால் வைத்தார். இன்ஜினைக் கிளப்பி, ஜன்னல் வழியாகக் கை நீட்டி மூன்று முறை ஹாரன் அடித்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று கைகூப்பினார்.

கண் மட்டும் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தது.

"சொல்லுங்க அக்கா."

"போதும்ங்க," என்று கிசுகிசுத்தார். அது காவல் தாயிடம் பேசும் குரல் இல்லை. "நான் மககிட்ட போகணும். எழுந்திருங்க. தம்பியோட போங்க. தம்பி நல்லா பாத்துக்கும்."

ஹாரன் அடித்தது.

நான்காவது முறை.

ஹாரன் தானாக அடிக்காது. பொத்தான் உள்ளே போய்த் தகட்டைத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும். ஒருவர் அழுத்த வேண்டும்.

உள்ளே யாரும் இல்லை.

பிறகு வலது பக்கம் மெல்ல, முனகிக்கொண்டே, உயர்ந்தது.

டயருக்கு மேல் விரல்களை வைத்தேன். நான்கு விரல்.

"போயிட்டாரு," என்றார் அக்கா. கன்னம் நனைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிரித் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். "பாலத்துல ஒரே நெரிசல்." அக்கா சாவியைக் கொடுத்தார். கார் போனது. அன்று மாலையே அக்காவும் சியாங் மாய்க்கு ரயில் ஏறினார்.

மறுநாள் கிரித் போனில் பேசினார். "வண்டி பஞ்சு மாதிரி போகுதுண்ணே! உள்ள என்னவோ மருந்து வாசம்னு சொன்னீங்களே, ஒண்ணுமே இல்லையே?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்கா கிரித்தையும் தம்பி என்பார், என்னையும் தம்பி என்பார். அன்று அக்கா யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் வேண்டிக்கொண்ட நேரத்தில் கிரித் பாலத்தில் நின்றிருந்தார்.

கொட்டகையில் இருந்த ஒரே தம்பி நான்.

வெளியே போய் என் பிக்கப்பின் டயர்களுக்கு மேல் விரல் வைத்தேன். ஓட்டுநர் பக்கம் நான்கு. பக்கத்து இருக்கைப் பக்கம் இரண்டு.

அந்த வாரமே ஸ்பிரிங்கை மாற்றினேன். மறுநாள் காலையும் இரண்டுதான்.

நேற்று பழைய பாகங்கள் விற்கும் சந்தைக்குத் தனியாகப் போயிருந்தேன். ஒரு பெரியவர் என் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வண்டிய விலைக்குக் குடுப்பியா தம்பி?"

எனக்கு உயிர் வந்தது. "குடுக்கலாமே! உங்க பேரு சொல்லுங்க," என்றேன் அவசரமாக.

அவர் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எம்பேரு எதுக்கு? முதல்ல அவரைக் கேளு. வேணாம்னு தலையாட்டுறாரே."