முதல் சிலிண்டரின் வெளிச்சத்தில்

கையில் பிடித்த டைமிங் லைட்டின் வெளிச்சத்தில், என்ஜினோடு சுழலும் புல்லியின் வெள்ளைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நகரக் கூடாது. முதல் சிலிண்டரில் ஸ்பார்க் விழும் அந்தக் கணத்தில் மட்டும்தான் லைட் பளிச்சிடும். அதனால் என்ஜின் என்ன வேகத்தில் சுற்றினாலும் கோடு ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் தெரிய வேண்டும். இதுவோ இங்கும் அங்கும் தள்ளாடியது. கூடவே இன்னொன்றும் சரியில்லை. தூக்கி வைத்த பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே, ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவரின் கைகள் தெரிந்தன. லைட் பளிச்சிடும்போது மட்டும் அவை அங்கே இல்லாத மாதிரி இருந்தது.

கண் எரிச்சல்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். தகரக் கூரை போட்ட இந்த ஷெட்டுக்குள், ஈயம் பற்றவைத்த புகையும் பெட்ரோல் வாடையும் ஈரமண் வாசனையும் கலந்து கிடக்கிற காற்றில் காலையிலிருந்து குனிந்தே நின்றால் கண் எரியாமல் என்ன செய்யும்? மணி நான்குதான் ஆகியிருந்தது. ஆனால் மழை வானத்தை அடைத்துக்கொண்டு நின்றதில், ஒற்றை டியூப்லைட்டை நம்பித்தான் வேலை நடந்தது.

"ஏங்க, ஆஃப் பண்ணுங்க."

என்ஜின் நின்றது. பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சனையே."

நாளைக் காலை ஏழு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். காரோ அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒரே காயிலில் பிறக்கிற மின்சாரத்தை நான்கு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற சாதனம், மூடிக்குள் துளி ஈரம் போனால் போதும், படுத்துவிடும். போன வாரம் பாலத்தின் மேல் மழையில் அப்படித்தான் படுத்தது. தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் பாதி நேரம்தான் மெஷினில் போட்டார்கள். அன்று இரவு முழுக்க அவர் படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். இன்னொரு தடவை வண்டி நின்றால் அவர் தாங்க மாட்டார் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அதனால்தான் இந்த வேலை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்கின் தலையிலும் தனித்தனிக் காயிலை உட்கார வைப்பது. புல்லியில் ஒரு பல்சக்கரம், அதன் பற்களை எண்ணும் சென்சார், எந்தக் காயில் எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோல் பெட்டி. பஸ் டிப்போவில் அவள் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன். ஒயரக்கா என்றால்தான் அங்கே ஆள் தெரியும். "ஓடுற வண்டிய ஏம்மா நோண்டறே?" என்று ஃபோர்மன் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது நாள் முடிந்துகொண்டிருந்தது.

காயில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கிளிப்பெல்லாம் கடித்து உட்கார்ந்திருந்தன. லைட்டின் கவ்வியை மாட்டுவதற்காக முதல் ப்ளக்குக்கும் காயிலுக்கும் நடுவில் முழ நீளத்துக்குக் கையால் செய்து போட்ட ஒயர், அதுவும் சரிதான். பெட்டியைத் திறந்து மூடினாள். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. "சனியனே" என்று என்ஜினைப் பார்த்துச் சொன்னாள். எதற்கும் அசையாத அந்த இரும்பை ஓங்கி உதைக்க வேண்டும் போலிருந்தது.

"டீ போட்டுக் குடிச்சிட்டு வந்து பாரேன்" என்றார் உள்ளேயிருந்து.

"நீங்க வேற. சும்மா உக்காந்திருங்க."

சொன்ன பிறகு மனசு சுருக்கென்றது. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதே அவளுக்காகத்தான். இந்த உடம்போடு காலையிலிருந்து சாவியைத் திருப்பிக்கொண்டும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டும் இருக்கிறார்.

கடைசியில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. கறுப்பு போக வேண்டிய துளையில் வெள்ளை. இப்படி மாற்றி மாட்டினால் என்ஜின் ஓடும், ஆனால் டைமிங் கண்டபடி அலையும். இதே தப்பைச் செய்ததற்காக டிப்போவில் எத்தனை பேரை அவள் வாயில் போட்டு மென்றிருக்கிறாள்! எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது. ஒயர்களை மாற்றினாள்.

"இப்ப போடுங்க."

சட்டென்று பற்றிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இந்த என்ஜின் இப்படி ஓடி அவள் கேட்டதில்லை. நான்கும் ஒரே சீராக, ஒன்றை ஒன்று முந்தாமல், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில் ஒரு மெத்தை விரித்த மாதிரி ஓடியது. லைட்டை எடுத்துப் புல்லியின் மேல் பிடித்தாள். நொடிக்கு ஏழு வெளிச்சம். வெள்ளைக் கோடு அசையவில்லை.

"நின்னுடுச்சு! ஏங்க, கோடு நின்னுடுச்சு!"

சந்தோஷத்தில் கையை உயர்த்தினாள். வெளிச்சம் பானெட் இடைவெளிக்குள் பாய்ந்தது.

ஸ்டீரிங்கில் கைகள் இல்லை.

டியூப்லைட்டின் மங்கலில் கைகள் இருந்தன. விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பளிச்சிலும் மட்டும் வெறும் ஸ்டீரிங். முன்பு தள்ளாடிக்கொண்டிருந்த காட்சி, கோட்டைப் போலவே இப்போது அசையாமல் நின்றது.

புகை தலைக்கு ஏறிவிட்டதோ? பின்னால் போய்ப் பார்த்தாள். சைலன்ஸரில் மாட்டிய ரப்பர் ஹோஸ் சுவர் ஓட்டை வழியே புகையை ஒழுங்காக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கவ்வி சரி. கண்ணாடி பிரதிபலிக்கிறது, வேறொன்றும் இல்லை. டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. அணைத்தாள். கதவிடுக்கில் மழையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

இந்த லைட் பொய் சொல்லாது, கண்தான் ஏமாறும் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சுற்றுகிற எதுவும் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பதை லைட்தான் காட்டும். அந்த நினைப்பு இப்போது ஏன் வந்தது என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஒயரின் நீளம் எட்டுகிற வரைக்கும் நடந்து, டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து, லைட்டை உள்ளே காட்டினாள்.

அவர் சீட்டில் சரிந்து கிடந்தார். தலை தோளில் விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பாதி மூடிய கண்களில் ஈரம் காய்ந்திருந்தது. கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டும். மாறி மாறி. நொடிக்கு ஏழு தடவை.

"என்ன இது, மூஞ்சில அடிக்கறே? கண்ணு கூசுது."

வெளிச்சத்தில் கிடந்தவரின் வாய் அசையவில்லை.

விசையிலிருந்து விரலை எடுத்தாள். அவர் மட்டும் இருந்தார். அதே பழைய ஸ்வெட்டர், நெற்றியில் அதே சுருக்கம். லைட்டை இடது கையில் தொங்கவிட்டு, வலது கையை ஜன்னல் வழியே நீட்டி அவர் முன்கையைப் பிடித்தாள். டயாலிசிஸ் ஊசிக்காக அங்கே இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாகத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் ஓடும் அதிர்வு தோலுக்கு மேலேயே தெரியும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். இன்று, இந்த வேலை அவசரத்தில், பார்க்கவில்லை.

அதிர்வு இருந்தது. விரல் நுனியில் குறுகுறுவென்று ஓடியது. அப்பாடா.

"ஏன், பயந்துட்டியா? எனக்கு ஒண்ணும்…"

நான்காவது காயில் ஒரு அடி தவறவிட்டது. என்ஜின் ஒரு கணம் திக்கியது.

விரலுக்கு அடியில் அதிர்வு நின்றது. அவர் பேச்சும் நின்றது. வாய் திறந்தபடியே.

என்ஜின் சமாளித்துக்கொண்டது.

"…இல்லம்மா" என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. மறுபடி திக்கியது. மறுபடி நின்றது. மறுபடி ஓடியது. இரும்பு எப்படி ஓடியதோ அப்படித்தான் அதிர்வும். பிசகில்லாமல் அப்படியே.

"நல்லாத்தான் ஓடுது. இதுக்குப் போயி மூணு நாளா உயிரை விட்டே." அவர் மற்றொரு கை சாவிக்குப் போனது. "போதும், ஆஃப் பண்ணிடறேன்."

"வேணாம். ஏங்க, வேணாம், அப்படியே ஓடட்டும், நான் சொல்றதக் கேளுங்க…"

திருப்பிவிட்டார்.

மழைச் சத்தம் மட்டும்.

விரலுக்கு அடியில் எதுவும் இல்லை. இன்னும் அழுத்தினாள். மணிக்கட்டுக்கு நகர்த்தினாள். எங்கேயும் இல்லை. தோல், எலும்பு, அவ்வளவுதான்.

கதவு திறந்தது. தினமும் கதவின் மேலே ஒரு கை, சீட்டில் ஒரு கை வைத்து, இரண்டு தவணையாக எழுந்திருப்பவர், ஒரே மூச்சில் எழுந்து வெளியே வந்தார். மூச்சு. அவள் அவர் மார்பைப் பார்த்தாள். ஸ்வெட்டர் ஏறி இறங்கவில்லை.

"உடம்பு லேசா இருக்கு. ரொம்ப நாளைக்கு அப்புறம்." அவர் சிரித்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு தோணுது."

அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்றும் இல்லை. சூடாகவும் இல்லை. ஷெட்டில் கிடக்கிற ஸ்பேனரைப் போல இருந்தது அந்தக் கை. வீட்டுக்குப் போகும் கதவை நோக்கி மெல்ல இழுத்தார். அவள் கால் நகர மறுத்தது. இடது கை தானாக லைட்டை இறுக்கியது. விசை உள்ளே போனது. வெளிச்சம் வரவில்லை. என்ஜின் நின்ற பிறகு எங்கிருந்து வரும்?

சாவியைத் திருப்பினாலும் கன்ட்ரோல் பெட்டி சில நொடிகள் உயிரோடு இருக்கும். பிறகுதான் மின்சாரத்தை வெட்டுகிற ரிலே விழும். விழும்போது முதல் காயில் ஒரே ஒரு ஸ்பார்க்கை விடும்.

டக்.

பளிச்.

டிரைவர் சீட்டில் அவர் சரிந்து கிடந்தார். அவள் முன்னால் யாரும் இல்லை. நீட்டிய அவள் வலது கை வெறும் காற்றில் நின்றது.

இருட்டு.

அவள் விரல்களின் மேல் பிடி இறுகியது.

"வா" என்றது அவர் குரல், காதுக்குப் பக்கத்தில். "உள்ள போலாம்."